ஓட்டலைக் காலி செய்து 9 நாள் ஆகிவிட்டது, கார்டில் பிளாக் ஆன தொகை இன்னும் விடுபடவில்லை

#1 நீலப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அலுவலக வேலையாக வெளியூர் போய் ஓர் ஓட்டலில் 4 இரவு தங்கினேன். போனதும் ரிசப்ஷனில் கிரெடிட் கார்டு கேட்டார்கள். மெஷினில் செருகி, பின் நம்பர் போடச் சொல்லி, ஒரு சீட்டில் கையெழுத்தும் வாங்கினார்கள். "இது வெறும் ஹோல்ட் சார், பணம் எடுக்க மாட்டோம்" என்றார்கள். கிளம்பும்போது பில்லை முழுதாகக் கட்டிவிட்டேன். அந்தச் சீட்டை என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார்கள்.

9 நாள் ஆகிறது. என் கார்டில் குறைந்த லிமிட் இன்னும் ஏறவில்லை. 4 இரவு வாடகை 100 என்று வைத்துக்கொண்டால், லிமிட்டில் குறைந்திருப்பது 150. கஸ்டமர் கேரில் "ஓட்டல்தான் விடுவிக்க வேண்டும்" என்கிறார்கள். ஓட்டலில் "அன்றைக்கே விடுவித்துவிட்டோம், உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்கிறார்கள். இப்படியே நான்கு தடவை பேசியாகிவிட்டது.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அந்தச் செலவுக்கு இந்தக் கார்டைத்தான் நம்பியிருக்கிறேன். யார் பக்கம் தவறு, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

#2 கறார்கணக்கு

யார் பக்கம் தவறு என்பதில் என்ன சந்தேகம்? ஓட்டல்தான். தங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பணத்துக்கு வட்டி பார்க்கிறார்கள். எனக்கும் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசிப் பயனில்லை.

#3 முன்மேசை

நீலப்பெட்டி, முதலில் அம்மாவுக்கு நல்லபடியாக முடியட்டும். நான் 14 ஆண்டு ஓட்டல் ரிசப்ஷனில் இருந்தவன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதி வேதனை என்ன நடக்கிறது என்று புரியாததால் வருவது.

கறார்கணக்கு சொன்ன வட்டி விஷயம் சரியில்லை. அந்தப் பணம் ஓட்டலுக்கு வருவதே இல்லை. நாங்கள் மெஷினில் தொகையைப் போட்டதும் ஒரு கேள்வி மட்டும் போகிறது: "இந்தக் கார்டில் இவ்வளவு இருக்கிறதா? இருந்தால் எங்களுக்காக ஒதுக்கி வை." அந்தக் கேள்வி ஓட்டலின் வங்கி வழியாக விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்குப் போய், அங்கிருந்து கார்டு கொடுத்த வங்கிக்குச் சேர்கிறது. அந்த வங்கி சரி என்றால் ஓர் அனுமதி எண் திரும்பி வரும். உங்கள் லிமிட்டில் அந்த அளவு குறையும். அவ்வளவுதான். உங்கள் கடனும் ஏறவில்லை, எங்கள் கணக்கிலும் எதுவும் சேரவில்லை.

ஏன் வாடகையைவிடக் கூடுதலாக ஒதுக்குகிறோம் என்றால், விருந்தினர் கிளம்பும் வரை பில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வரி, சலவை, அறைக்கு வரவழைக்கும் சாப்பாடு, தொலைந்த சாவி எல்லாம் சேரும். பில் கட்டாமல் போகிறவர்களும் உண்டு, அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல ஓட்டல்களில் நள்ளிரவுக் கணக்கு என்று ஒன்று நடக்கும். அன்றைய வாடகையை எல்லா அறைகளுக்கும் ஏற்றிவிட்டு, யாருடைய பில் ஒதுக்கிய தொகையைத் தாண்டப் போகிறது என்று ஒரு பட்டியல் எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் அறை வந்தால், உங்களைக் கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லிக் கேள்வி போகும். செக்-இன் போது நீங்கள் கையெழுத்துப் போடுகிற பதிவுப் படிவத்தில் இதற்கான ஒப்புதல் சின்ன எழுத்தில் இருக்கும்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கிளம்பும்போது பில் கட்டியது அதே கார்டிலா, வேறு கார்டிலா?

#4 நீலப்பெட்டி

வேறு கார்டு. அலுவலகத்தில் கொடுத்த கார்டில் கட்டினேன். செக்-இன் அன்று அது கையில் இல்லை, அதனால் என் சொந்தக் கார்டைக் கொடுத்தேன். அதில் ஏதாவது சிக்கலா?

#5 முன்மேசை

சிக்கலே அங்கேதான்.

அதே கார்டில் கட்டியிருந்தால், ஊழியர் மெஷினில் 'முன் அனுமதியை முடித்தல்' (முன் அனுமதி என்பது செக்-இன் அன்று போட்ட அந்த ஹோல்ட்தான்) என்ற தேர்வைப் போட்டு, பழைய அனுமதி எண்ணைக் கொடுத்து, பில் தொகையை அடிப்பார். ஒதுக்கீடு அப்படியே கட்டணமாக மாறிவிடும். வேறு கார்டில் கட்டினால் அது ஒரு புது விற்பனை. பழைய ஒதுக்கீட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'முன் அனுமதி ரத்து' என்று தனியாக ஒரு வேலையை ஊழியர் செய்தாக வேண்டும். காலை 11 மணிக்கு வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அது விட்டுப்போகிறது.

சீட்டைக் கிழித்தால் ஒதுக்கீடு விடுபட்டுவிடும் என்று நினைக்கிற ஊழியர்களோடு நானே வேலை செய்திருக்கிறேன். கார்டை அழுத்தித் தேய்த்துக் காகிதத்தில் அச்சு எடுத்த காலத்தில் அது உண்மை. அந்தத் தாள்தான் பணம், அதைக் கிழித்தால் தீர்ந்தது. இன்று அந்தச் சீட்டு வெறும் நகல். "விடுவித்துவிட்டோம்" என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கிழித்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்.

#6 அட்டைமேசை

நான் வங்கிப் பக்கம். கார்டு கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. முன்மேசை சொன்னது எல்லாம் சரி. எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

கார்டு உலகில் அனுமதி வேறு, தீர்வு வேறு. விசாவின் முன்னோடி நிறுவனம் 1973-ல் முதலில் கட்டியது அனுமதி கேட்பதற்கான மின்னணு அமைப்பு. பணத்தைக் கணக்கிட்டுத் தீர்ப்பதற்கான அமைப்பு 1974-ல்தான் வந்தது. இந்த இரண்டும் இன்றைக்கும் தனித்தனிச் செய்திகளாகவே வருகின்றன. உங்கள் கார்டைச் செருகியதும் வருவது அனுமதிச் செய்தி. ஓட்டல் அன்றைய கணக்கை முடித்து அனுப்பும்போது, ஒன்றிரண்டு நாள் கழித்து, தீர்வுச் செய்தி வரும். எங்கள் கணினி அந்த இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். பரிவர்த்தனை அடையாள எண், அனுமதி எண், தொகை இவற்றை வைத்துச் சேர்க்கும். சேர்ந்துவிட்டால் ஒதுக்கீடு மறைந்து கட்டணம் நிற்கும். சேராவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். "என்னிடம் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள்" என்று வருகிற புகார்களில் நான் பார்த்த பெரும்பாலானவை இதுதான். ஓட்டல்காரர் முன் அனுமதியை முடிக்காமல், அதே கார்டில் புதிதாக ஒரு விற்பனை போட்டிருப்பார்.

நீலப்பெட்டியின் விஷயத்தில் ஜோடி சேர இரண்டாவது செய்தி வரவே வராது. அதனால் ஒதுக்கீடு காலாவதி ஆகும் வரை நிற்கும். அது எத்தனை நாள் என்றால், மாஸ்டர்கார்டில் முன் அனுமதி என்று குறித்து வந்தவை 30 நாள், இறுதி அனுமதி (தொகை இனி மாறாது என்று கேட்பது) என்று குறித்து வந்தவை 7 நாள் செல்லும். விசாவிலும் தங்குமிடம், வாடகைக் கார், சொகுசுக் கப்பல் போன்றவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கொடுக்கிறார்கள். வந்த கேள்வி ஓட்டலுடையது என்பது வணிக வகை எண்ணிலேயே தெரியும், 7011 என்றால் தங்குமிடம். சில வங்கிகள் வாடிக்கையாளருக்காக இன்னும் சீக்கிரம் விட்டுவிடும். சில வங்கிகள் கடைசி நாள் வரை பிடித்திருக்கும். "ஏழு வேலை நாளில் வந்துவிடும்" என்று கஸ்டமர் கேரில் சொல்வது பொதுவான பேச்சு, உங்கள் ஒதுக்கீட்டைத் திறந்து பார்த்துச் சொல்வது அல்ல.

ஓட்டலிடம் "ரிலீஸ் செய்தீர்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "அனுமதி எண் என்ன, தேதி என்ன, தொகை எவ்வளவு, ரத்துச் செய்தி எப்போது அனுப்பினீர்கள்?" அனுமதி எண் ஆறு இடம் கொண்டது. ரத்து அனுப்பப்படவில்லை என்றால் இப்போதே மெஷினில் அனுப்பச் சொல்லுங்கள். மெஷினில் முடியாவிட்டால் ஓட்டலின் தாளில் ஒரு கடிதம்: கார்டின் கடைசி நான்கு எண்கள், அனுமதி எண், தேதி, தொகை, "இந்தத் தொகையை நாங்கள் வசூலிக்கப் போவதில்லை, விடுவிக்கலாம்" என்ற வரி, கையெழுத்து. அதை வங்கிக்கு அனுப்பினால் எங்களைப் போன்றவர்கள் கையாலேயே எடுத்துவிட முடியும். முழுக் கார்டு எண்ணை எந்த மின்னஞ்சலிலும் எழுத வேண்டாம்.

#7 மழைக்காலம்

நான் இதைப் படித்ததும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு நடந்தது டெபிட் கார்டில்.

2 இரவுதான் தங்கினேன். டெபிட் கார்டைக் கொடுத்தேன். ஒதுக்கிய தொகை என் சேமிப்புக் கணக்கிலேயே முடங்கியது. கிரெடிட் கார்டில் முடங்குவது வங்கி கொடுக்கும் கடன் வசதி, டெபிட் கார்டில் முடங்குவது நம்முடைய சம்பளம். இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் வீட்டுக் கடன் தவணை கணக்கிலிருந்து தானாகப் போக வேண்டும், போகவில்லை. இருப்பு என்று பார்த்தால் பணம் இருக்கிறது, பயன்படுத்தக்கூடிய இருப்பு என்று பார்த்தால் இல்லை. தவணை தவறியதற்கு அபராதம் கட்டினேன். வங்கியில் கெஞ்சிக் கேட்டும் அதைத் திருப்பித் தரவில்லை.

#8 அட்டைமேசை

அக்கா, நீங்கள் சொன்னது மிக முக்கியமானது. அதோடு இன்னொன்றும் உண்டு. சில டெபிட் வலையமைப்புகளில் 'முதலில் ஒதுக்கு, பிறகு எடு' என்ற இரண்டு கட்டமே கிடையாது. ஒரே செய்தியில் பணம் போய்விடும். அப்படிப்பட்ட கார்டு என்றால் ஓட்டல் டெபாசிட்டை உண்மையான விற்பனையாகவே எடுக்கும், கிளம்பும்போது ரீஃபண்ட் போடும். அதற்குப் பெயர் ஹோல்ட் இல்லை. "பணம் எடுக்க மாட்டோம்" என்று வாயால் சொன்னாலும், சீட்டில் 'விற்பனை' என்று இருக்கிறதா, 'முன் அனுமதி' என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

#9 ஜன்னலோரம்

ஒரு சந்தேகம். நான் எப்போதும் ஆன்லைனில் முன்பதிவு செய்யும்போதே முழுப் பணமும் கட்டிவிடுவேன். அப்படியும் ஓட்டலில் கார்டு கேட்கிறார்கள். எல்லாம் கட்டியாகிவிட்டது என்று காட்டினாலும் ஒத்துக்கொள்வதில்லை. இது நியாயமா?

#10 முன்மேசை

நீங்கள் கட்டியது முன்பதிவுத் தளத்துக்கு. பல தளங்கள் உங்கள் கார்டு விவரத்தை ஓட்டலுக்குக் கொடுப்பதே இல்லை. தங்கள் பெயரில் ஒரு மெய்நிகர் கார்டு எண்ணை உருவாக்கி அனுப்புவார்கள். அதில் அறை வாடகைக்கு மட்டும்தான் பணம் எடுக்க முடியும், அதுவும் நீங்கள் வந்து சேரும் நாளிலிருந்து. நீங்கள் சாப்பிட்டதற்கோ உடைத்ததற்கோ அந்த எண்ணில் ஒன்றும் எடுக்க முடியாது. அதனால்தான் இதர செலவுக்கு என்று உங்கள் கார்டைக் கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கலாம். "அறைக்கு எதையும் வரவழைக்க மாட்டேன், எல்லாவற்றையும் அங்கங்கே கட்டிவிடுகிறேன், இதர செலவுக்கான ஒதுக்கீட்டைக் குறைக்க முடியுமா?" சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். நானே பலருக்குக் குறைத்திருக்கிறேன்.

#11 கடல்தாண்டி

வெளிநாட்டில் தங்குகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. ஹோல்ட் விடுபடுவதும் ரீஃபண்ட் வருவதும் ஒன்று என்று நினைத்து நான் நட்டப்பட்டேன்.

ஒதுக்கீடு மட்டும் இருந்து அது ரத்தானால், ஒதுக்கிய அளவு அப்படியே திரும்பும். பணம் கை மாறவே இல்லை, நாணய மாற்றில் இழப்பும் இல்லை. ஆனால் டெபாசிட்டை விற்பனையாக எடுத்து, 5 நாள் கழித்து ரீஃபண்ட் போட்டால், எடுத்த நாளின் மாற்று விகிதம் ஒன்று, திருப்பிய நாளின் விகிதம் இன்னொன்று. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் இடையில் போய்விடும். நான் கட்டிய தொகையைவிடக் குறைவாகத்தான் திரும்ப வந்தது, ஓட்டல் தன் நாணயத்தில் முழுதாகத் திருப்பியிருந்தும்.

அப்புறம், மெஷினில் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே போடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வசதியாகத் தெரியும், ஆனால் அந்த விகிதத்தில் அவர்களுடைய லாபம் சேர்ந்திருக்கும்.

#12 கறார்கணக்கு

வட்டி விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். பணம் ஓட்டலுக்குப் போவதில்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஆனாலும் என் கேள்வி மாறவில்லை. ஒதுக்கச் சொன்னது ஓட்டல். தேவை முடிந்தது என்பதும் ஓட்டலுக்குத்தான் தெரியும். அப்படியிருக்க ரத்து அனுப்பாமல் விட்டால் அதற்கான பாதிப்பு முழுக்க விருந்தினர் தலையில் விழுகிறது. வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள் என்பதை ஒரு காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை, முன்மேசை.

#13 முன்மேசை

நியாயமான கோபம். நான் ஒரு காரணம் சொன்னேனே தவிர, அது சரி என்று சொல்லவில்லை. ஆனால் ரத்து அனுப்பிய பிறகும் நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் வங்கிகளை நான் பார்த்திருக்கிறேன். விருந்தினர் எங்களிடம் வந்து கத்துவார், நாங்கள் ரத்துச் சீட்டைக் காட்டுவோம், அவர் நம்பமாட்டார். பழி முழுவதையும் ரிசப்ஷனில் நிற்கிற பையன் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

#14 அட்டைமேசை

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விதி என்று பார்த்தால், பரிவர்த்தனை ரத்தாகிவிட்டது அல்லது இறுதித் தொகை குறைவு என்று தெரிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வணிகர் ரத்துச் செய்தி அனுப்ப வேண்டும் என்றுதான் விசாவும் மாஸ்டர்கார்டும் சொல்கின்றன. ஆகவே முதல் பொறுப்பு ஓட்டலுடையது, இதில் கறார்கணக்கு பக்கம்தான் நான். ஆனால் வந்த ரத்தைப் பழைய அனுமதியோடு சேர்க்க முடியாமல் விட்டுவிட்டு, வாடிக்கையாளரை ஓட்டலுக்குத் திருப்பி அனுப்புவது எங்கள் தவறு. அதையும் நான் பார்த்திருக்கிறேன், வருத்தப்பட்டிருக்கிறேன்.

நீலப்பெட்டி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். லிமிட்டில் 150 குறைந்தது என்றீர்கள். ஆப்பில் நிலுவைப் பட்டியலைத் திறந்து பாருங்கள், அது ஒரே வரியா, இரண்டு வரியா?

#15 நீலப்பெட்டி

இப்போதுதான் பார்த்தேன். இரண்டு வரி! செக்-இன் செய்த நாளில் 120, மூன்றாம் நாள் நள்ளிரவு தாண்டி 30. நான் மொத்தமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

#16 முன்மேசை

அது நள்ளிரவுக் கணக்கில் போட்டது. முறையாகச் செய்தால் அந்த 30 பழைய அனுமதியோடு கூடுதலாகச் சேர்ந்திருக்கும், இரண்டுக்கும் ஒரே தொடர்பு எண் இருக்கும். மெஷினில் தனியாகப் புது முன் அனுமதியாகப் போட்டிருந்தால் இரண்டும் தனித்தனி. இரண்டு அனுமதி எண்களையும் கேளுங்கள். ரிசப்ஷனில் கேட்க வேண்டாம், கணக்குப் பிரிவில் கேளுங்கள். அவர்களிடம்தான் மெஷின் அறிக்கை இருக்கும்.

#17 ஜன்னலோரம்

இந்த ஒதுக்கீட்டுக்கு வட்டி ஏறுமா? அப்புறம், விடுவித்த பிறகு ஓட்டல் மறுபடி பணம் எடுக்க முடியுமா?

#18 அட்டைமேசை

வட்டி ஏறாது. ஒதுக்கீடு கடனே இல்லை, ஸ்டேட்மென்ட் தொகையிலும் சேராது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், முடியும். நீங்கள் கிளம்பிய பிறகு தெரியவந்த உண்மையான செலவு என்றால் எடுக்கலாம், விசா விதிகளில் அதற்கு 90 நாள் வரை இடம் இருக்கிறது, விருந்தினருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஒத்துக்கொள்ள முடியாத தொகை என்றால் வங்கியில் ஆட்சேபம் பதியலாம். அதற்காகவாவது இறுதி பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

#19 நீலப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

ஓட்டலின் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு அட்டைமேசை எழுதிக் கொடுத்த கேள்விகளை அப்படியே கேட்டேன். பேசியவர் அறிக்கையைத் திறந்து பார்த்து, பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். 120-க்கு ரத்து அனுப்பவே இல்லை என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உடனே மெஷினில் ரத்து செய்து, அந்தச் சீட்டின் படத்தை அனுப்பினார். அன்று மாலையே லிமிட்டில் 120 ஏறிவிட்டது.

30 மட்டும் நின்றது. அது உண்மையிலேயே தனி அனுமதி, வேறொரு மெஷினில் போட்டது. அந்த மெஷின் பழுதாகி மாற்றிவிட்டார்களாம், அதனால் அதில் ரத்து செய்ய வழியில்லை. கடிதம் கேட்டேன், மறுநாள் வந்தது. அதில் முதல் அனுமதி எண்ணையே மறுபடி எழுதியிருந்தார்கள். வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. சரியான எண்ணைப் போட்டு இரண்டாவது கடிதம் வாங்கி, நேற்று மதியம் வங்கிக்கு அனுப்பினேன். இன்று காலை ஆப்பைத் திறந்தால் நிலுவைப் பட்டியல் காலியாக இருந்தது.

அம்மாவுக்கு வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பணத்தைப் பற்றிய கவலை இல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

#20 மழைக்காலம்

அம்மா நலமாக வீடு திரும்பட்டும். வந்ததும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி.